வெள்ளைத் தலைக்கவசமும் மூன்று நண்பர்களும்

டாப் கியர், பி.பி.சி. 1977 ஏப்ரலில் பர்மிங்ஹாமில் தொடங்கிய கார் நிகழ்ச்சி. அந்த வட்டார நேயர்களுக்காக அரை மணி நேர நிகழ்ச்சியாகப் பிறந்து, அடுத்த ஆண்டே பிரிட்டன் முழுவதற்கும் போனது. 2012-ல், கற்பனைக் கதை அல்லாத நிகழ்ச்சிகளில் உலகிலேயே மிக அதிகமாகப் பார்க்கப்படுவது இதுதான் என்று கின்னஸ் பதிவு செய்தது. அப்போது 212 நாடுகளிலும் ஆட்சிப்பகுதிகளிலும் அது ஒளிபரப்பாகிக்கொண்டிருந்தது. சொந்தமாகக் கார் இல்லாதவர்கள், ஓட்டுநர் உரிமமே எடுக்காதவர்கள், பெட்ரோல் இன்ஜினுக்கும் டீசல் இன்ஜினுக்கும் வித்தியாசம் தெரியாதவர்கள் எல்லாம் அதன் ரசிகர்கள்.

இந்த ரசிகர்கள் கூடினால் குதிரைத்திறனைப் பற்றிப் பேசுவது குறைவு. எந்தப் பயணம் சிறந்தது, முகம் காட்டாத ஓட்டுநரின் வெள்ளைத் தலைக்கவசத்துக்குள் இருந்தது யார், கவிழ்ந்த கார் தானாகக் கவிழ்ந்ததா, தொகுப்பாளர்கள் மூவரில் எவர் போனால் நிகழ்ச்சியே போய்விடும் என்றுதான் வாக்குவாதம் நடக்கும். எல்லா வாக்குவாதமும் கடைசியில் வந்து நிற்கும் இடம் ஒன்றே: திரையில் தெரிந்த அந்தத் தோழமை நிஜமா, நடிப்பா? கார் நிகழ்ச்சி என்ற பெயரில் இருபது ஆண்டுகள் மக்கள் பார்த்தது மூன்று ஆண்களின் நட்பைத்தான். ரசிகர்களின் கோபமும் கண்ணீரும் அதை வைத்துப் பார்த்தால்தான் புரியும்.

முதல் கால் நூற்றாண்டு

தொடக்க காலத்து டாப் கியர் அடக்கமான நிகழ்ச்சி. செய்தி வாசிப்பாளர் ஏஞ்சலா ரிப்பனும் டாம் காயினும் முதல் தொகுப்பாளர்கள். புதிய காரின் டிக்கி எவ்வளவு பெரியது, லிட்டருக்கு எவ்வளவு ஓடும், பழைய கார் வாங்கும்போது எங்கே துரு பார்க்க வேண்டும் என்பவை பேசுபொருள். வாங்கப்போகிறவருக்கு உதவும் நிகழ்ச்சி. வாங்காதவருக்கு அதில் வேலை இல்லை.

1988-ல் ஜெரமி கிளார்க்சன் சேர்ந்தார். வட்டாரப் பத்திரிகை ஒன்றில் செய்தியாளராக இருந்தவர். ஒரு காரைப் பிடித்துவிட்டால் அதைக் காதலியைப் போலப் புகழ்வதும், பிடிக்காவிட்டால் ஊரறிய வைவதும் அவர் பாணி. 1993-ல் நிகழ்ச்சியின் பெயரிலேயே மாத இதழும் வந்தது. கிளார்க்சன் 1999-ல் விலகினார். பார்வையாளர் எண்ணிக்கை பாதிக்கும் கீழே இறங்க, 2001 இறுதியில் பி.பி.சி. நிகழ்ச்சியை மூடியது. டிஃப் நீடல், குவென்டின் வில்சன், விக்கி பட்லர் ஹெண்டர்சன் ஆகியோர் வேறு சேனலுக்குப் போய் ‘ஃபிஃப்த் கியர்’ தொடங்கினார்கள். பழைய டாப் கியரின் நேர்மையான கார் விமர்சனத்தை விரும்பியவர்கள் இன்றும் அந்தப் பக்கம்தான் நிற்கிறார்கள்.

விமான ஓடுதளத்தில் மறுபிறப்பு

கிளார்க்சனும் அவருடைய பள்ளித் தோழர் ஆண்டி வில்மனும் புதிய வடிவம் ஒன்றை எழுதி பி.பி.சி.யிடம் கொடுத்தார்கள். 2002 அக்டோபர் 20 அன்று அது ஒளிபரப்பானது. ரசிகர்கள் டாப் கியர் என்று சொன்னால் பெரும்பாலும் இதைத்தான் சொல்கிறார்கள்.

சர்ரே மாவட்டத்தில் இருக்கும் டன்ஸ்ஃபோல்ட் விமான ஓடுதளம் அதன் வீடானது. இரண்டாம் உலகப் போரில், 1942-ல் கனடா ராணுவத்தினர் கட்டிய தளம் அது. பின்னாளில் நின்ற இடத்திலிருந்தே மேலெழும் ஹாரியர் போர் விமானங்கள் அங்கே சோதிக்கப்பட்டன. விமானக் கொட்டகை ஒன்று ஸ்டுடியோவாகியது. பார்வையாளருக்கு நாற்காலி கிடையாது. தொகுப்பாளர்களைச் சுற்றி, சந்தையில் வித்தை பார்க்கிற கூட்டத்தைப் போல, நின்றுகொண்டே பார்த்தார்கள். வெளியே ஓடுதளத்தையும் அதன் இணைப்புச் சாலைகளையும் சேர்த்து, சுமார் 2.8 கிலோமீட்டர் நீளத்துக்குச் சோதனைப் பாதை ஒன்று வரையப்பட்டது. லோட்டஸ் நிறுவனத்தின் சோதனை ஓட்டுநர்கள் அதை வகுத்தார்கள். ஹேமர்ஹெட், சிகாகோ, ஃபாலோ த்ரூ, கேம்பன் என்ற அதன் வளைவுப் பெயர்கள் ரசிகர்களுக்குத் தங்கள் ஊர்த் தெருப்பெயர்களைப் போல. கடைசி வளைவில் நடிகர் மைக்கேல் கேம்பன் சிறிய சுஸுகி லியானாவை இரண்டு சக்கரத்தில் சாய்த்து ஓட்டினார். வளைவுக்கு அவர் பெயரே வைக்கப்பட்டது.

முதல் தொடரில் கிளார்க்சனுடன் ரிச்சர்ட் ஹாமண்டும் ஜேசன் டாவும் இருந்தார்கள். 2003-ல் டாவின் இடத்துக்கு ஜேம்ஸ் மே வந்தார். கூட்டணி பொருந்தியது அப்போதுதான். கிளார்க்சன் நெடிய உருவம், உரத்த குரல், எதையும் சுத்தியலால் தீர்க்கப் பார்ப்பவர். ஹாமண்ட் வானொலியிலிருந்து வந்தவர், குள்ளம், துடுக்கு, ரசிகர்கள் வைத்த பெயர் ‘ஹாம்ஸ்டர்’. மே நிதானம், ஒரு திருகாணியை முடுக்குவதற்குள் மற்ற இருவரும் ஊர் போய்ச் சேர்ந்திருப்பார்கள். அவர் ‘கேப்டன் ஸ்லோ’.

மேயின் பழைய கதை ஒன்றை ரசிகர்கள் புதியவர்களுக்குச் சொல்லாமல் விடமாட்டார்கள். 1992-ல் அவர் ‘ஆட்டோகார்’ இதழில் வேலை பார்த்தார். ஆண்டுமலர் ஒன்றின் நீளமான விமர்சனங்களைத் தொகுக்கும் அலுப்பான வேலை. ஒவ்வொரு விமர்சனத்தின் முதல் எழுத்தையும் பெரிதாக அச்சிடும் வழக்கத்தைப் பயன்படுத்தி, அந்த எழுத்துக்களைக் கோத்தால் தன் அலுப்பைச் சொல்லும் வாசகம் வரும்படி அமைத்துவிட்டார். ஆசிரியர்களுக்குத் தெரியவில்லை. வாசகர்கள் கண்டுபிடித்து, இது போட்டி என்று நினைத்து, பரிசு என்ன என்று தொலைபேசியில் கேட்டார்கள். மேயின் வேலை போனது. எழுத்துக்கெழுத்து பார்க்கிற வாசகன் எப்படிப்பட்டவன் என்று அவருக்கு அன்றே தெரிந்திருக்கும். பின்னாளில் டாப் கியர் ரசிகர்கள் ஒவ்வொரு காட்சியையும் அப்படித்தான் நிறுத்தி நிறுத்திப் பார்த்தார்கள்.

பலகையில் எழுதிய நேரங்கள்

நிகழ்ச்சியின் முதுகெலும்பு இரண்டு பலகைகள். ஒன்றில், முகம் காட்டாத ஓட்டுநர் ‘ஸ்டிக்’ ஒவ்வொரு காரையும் பாதையில் ஒரு சுற்று ஓட்டிய நேரம். காகிதத்தில் எழுதி ஒட்டிய அந்தச் சில எழுத்துக்கள் கார் உலகத்தில் தேர்வு முடிவைப் போல மதிக்கப்பட்டன. ஒரே ஓட்டுநர், ஒரே பாதை. ஆகவே ஒப்பிடலாம் என்ற எளிய நியாயம் அதற்கு இருந்தது. ஆனால் மழை? ஈரமான நாளில் ஓடிய காருக்குப் பக்கத்தில் ஈரம் என்று குறித்தார்கள். அந்தக் குறிப்புக்கு எத்தனை விநாடி சலுகை தர வேண்டும் என்பதில் ரசிகர்கள் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை.

பலகையின் கதைகளில் மிகவும் பேசப்படுவது ஸ்வீடன் நாட்டின் கோனிக்செக் சிசிஎக்ஸ் வந்த கதை. முதல் முறை ஓடியபோது அந்தக் கார் பாதையை விட்டுச் சறுக்கி, டயர் சுவரில் போய் மோதியது. பின்பக்கத்தைத் தரையோடு அழுத்திப் பிடிக்கும் இறக்கை இருந்தால் தேவலை என்று ஸ்டிக் சொன்னதாக நிகழ்ச்சியில் அறிவித்தார்கள். நிறுவனம் காரைத் திரும்ப எடுத்துப்போய், இறக்கை பொருத்திக் கொண்டுவந்தது. 1 நிமிடம் 17.6 விநாடி: அன்றைய தேதியில் பலகையின் உச்சி. பொழுதுபோக்கு நிகழ்ச்சி சொன்ன குறையைக் கார் தயாரிப்பாளர் கேட்டுத் திருத்தியது ரசிகர்களுக்குத் தாங்களே பெற்ற வெற்றி.

இரண்டாவது பலகை பிரபலங்களுக்கு. நடிகர்களும் பாடகர்களும் ஃபார்முலா ஒன் வீரர்களும் விலை மலிந்த சாதாரணக் கார் ஒன்றில் ஒரு சுற்று ஓட்டுவார்கள். முதலில் சுஸுகி லியானா, பிறகு செவர்லே லசெட்டி, அதன் பின் கியா சீட், கடைசியில் வாக்ஸ்ஹால் ஆஸ்ட்ரா. 2010-ல் டாம் குரூஸ் கியாவை 1 நிமிடம் 44.2 விநாடியில் ஓட்டி முதலிடம் பிடித்தார். ஃபார்முலா ஒன் வீரர்களுக்கு மட்டும் கடைசி வரை பழைய லியானாதான். 2007-ல் லூயிஸ் ஹாமில்டன் ஈரமும் எண்ணெயும் கலந்த பாதையில் 1 நிமிடம் 44.7 விநாடியில் ஓட்டினார். 2013-ல் உலர்ந்த பாதையில் 42.9 விநாடிக்கு இறக்கினார். எந்தச் சுற்று பெரிது? ஈரத்தில் ஓட்டியதே பெரிது என்பார்கள் நெடுநாள் ரசிகர்கள். அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது: கோடீஸ்வரர்களின் கைகளைச் சாதாரணக் குடும்பக் காரில் வைத்து அளந்ததுதான் அந்தப் பகுதியின் அழகு, நிலைமை கெடும்போதுதான் கையின் திறமை தெரியும்.

தோற்றுப்போகும் கார்கள்

சூப்பர் கார்களைக் காட்டிய நிகழ்ச்சி அது. ஆனாலும் ரசிகர்கள் நெஞ்சில் நின்றது பழைய வண்டிகள். 1988-ல் தயாரான டொயோட்டா ஹைலக்ஸ் ஒன்றை, அதுவும் ஏற்கெனவே சுமார் 3 லட்சம் கிலோமீட்டர் ஓடியதை, 2003-ல் வாங்கிக் கொல்லப் பார்த்தார்கள். பிரிஸ்டல் நகரின் படிக்கட்டில் இறக்கினார்கள், மரத்தில் மோதினார்கள், செவர்ன் கழிமுகத்தில் நிறுத்தினார்கள், கடல் ஏற்றம் அதை இழுத்துப் போய்ச் சேற்றில் புதைத்தது. மெக்கானிக் சாதாரணக் கருவிகளை மட்டும் வைத்துக் கழுவித் துடைத்து முடுக்கியதும் இன்ஜின் எழுந்தது. மேலிருந்து கேரவனைப் போட்டார்கள், இரும்புக் குண்டால் அடித்தார்கள், தீ வைத்தார்கள். கடைசியாக, வெடிவைத்துத் தகர்க்கப்படவிருந்த 70 மீட்டருக்கு மேல் உயரமான குடியிருப்பின் உச்சியில் ஏற்றி வைத்தார்கள். இடிபாட்டிலிருந்து தோண்டி எடுத்தபோதும் அது ஓடியது. முதுகு உடைந்த அந்த வண்டி பின்னர் ஸ்டுடியோவின் மேடையில் நின்றது; பிறகு பியூலியில் உள்ள தேசிய மோட்டார் அருங்காட்சியகத்துக்குப் போனது. எந்த விளம்பரத்தாலும் ஒரு வண்டிக்கு இந்தப் பெயரை வாங்கித் தந்திருக்க முடியாது.

பந்தயங்கள் இன்னொரு வகை. ஆஸ்டன் மார்ட்டின் காருக்கும் ரயிலுக்கும் மான்டி கார்லோ வரை, புகாட்டி வேரோனுக்கும் சிறிய செஸ்னா விமானத்துக்கும் இத்தாலியிலிருந்து லண்டன் வரை, நிசான் ஜிடிஆருக்கும் ஜப்பானின் புல்லட் ரயிலுக்கும் என்று நீண்டன. பெரும்பாலும் கார் ஜெயித்தது. ஆனால் 2007-ல் லண்டனைக் குறுக்கே கடக்கும் போட்டியில் ஹாமண்டின் சைக்கிள் முதலில் வந்தது. கிளார்க்சனின் படகு இரண்டாவது. பஸ்ஸிலும் ரயிலிலும் போன ஸ்டிக் மூன்றாவது. மே ஓட்டிய கார் கடைசி. கார் நிகழ்ச்சியே காரின் தோல்வியை ஒளிபரப்பியதை நகரப் போக்குவரத்தைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள் இன்றும் எடுத்துக்காட்டுகிறார்கள்.

அதே ஆண்டு வந்த போட்ஸ்வானா பயணம்தான் பலரின் கணக்கில் நிகழ்ச்சியின் சிகரம். மூவரும் மூன்று பழைய கார்கள் வாங்கி நாட்டைக் குறுக்கே கடக்க வேண்டும். கிளார்க்சனுக்கு லான்சியா பீட்டா, மேக்கு மெர்சிடிஸ், ஹாமண்டுக்கு 1963-ல் தயாரான ஓப்பல் கடேட். யார் கார் நின்றுபோகிறதோ, அவர் ஃபோக்ஸ்வாகன் பீட்டிலில் ஏற வேண்டும் என்பது தண்டனை. வழியில் மக்கடிக்காடி உப்புப் படுகை: மேலே பொருக்கு, கீழே சேறு. கனமான வண்டி புதைந்துவிடும். கிளார்க்சனும் மேயும் கதவு, கண்ணாடி, இருக்கை எல்லாவற்றையும் கழற்றி எறிந்தார்கள். ஹாமண்ட் தன் காரிலிருந்து ஒன்றையும் கழற்ற மறுத்தார். அதற்கு ‘ஆலிவர்’ என்று பெயர் வைத்திருந்தார். ஒகவாங்கோ கழிமுகப் பகுதியில் ஆற்றைக் கடக்கும்போது ஆலிவர் மூழ்கியது. அவர் விடிய விடியப் பழுது பார்த்தார். பயணம் முடிந்ததும் அதைக் கப்பலேற்றி இங்கிலாந்துக்குக் கொண்டுபோய்ச் சீரமைத்து வைத்துக்கொண்டார். விலை போகாத பழைய காரிடம் ஒரு மனிதன் காட்டிய அந்தப் பிடிவாதத்தில், தன் தகப்பன் வைத்திருந்த வண்டியை நினைத்துக்கொள்ளாதவர் யார்?

அந்தப் பயணங்களின் இலக்கணமும் அப்போதே உறுதியானது. ஒருவர் வண்டி நின்றால் மற்றவர்கள் காத்திருக்க மாட்டார்கள், விட்டுவிட்டுப் போவார்கள். இரவு எந்நேரமானாலும் அவர் வந்து சேர்ந்ததும் மற்ற இருவர் முகத்திலும் தெரியும் நிம்மதியை மறைக்க முடியாது. அந்த நிம்மதிக்காகத்தான் ரசிகர்கள் திரும்பத் திரும்பப் பார்த்தார்கள்.

தலைக்கவசத்துக்குள் யார்?

முதலில் ஸ்டிக்கின் உடை கறுப்பு. அதனுள் இருந்தவர் முன்னாள் ஃபார்முலா ஒன் ஓட்டுநர் பெர்ரி மெக்கார்த்தி. 2003-ல் பத்திரிகைகள் அவர் பெயரை வெளியிட்டன. அந்த ஆண்டின் மூன்றாம் தொடரில், விமானம் தாங்கிக் கப்பலான இன்வின்சிபிளின் மேல்தளத்தில் ஜாகுவாரை முடுக்கிய கறுப்பு ஸ்டிக் கடலுக்குள் போய் விழுவதாகக் காட்டினார்கள். அடுத்த வாரம் வெள்ளை ஸ்டிக் வந்தார்.

‘ஸ்டிக்’ என்ற பெயர் கிளார்க்சனும் வில்மனும் படித்த ரெப்டன் பள்ளியில் புதிய மாணவர்களை அழைத்த பட்டப்பெயர். பேசாத, முகமில்லாத ஆள் ரசிகர்களின் கற்பனைக்குக் கிடைத்த வெற்றுத்தாள். அவரை அறிமுகப்படுத்தும்போது தொகுப்பாளர்கள் அவரைப் பற்றி இரண்டு வதந்திகள் சொல்வார்கள். ரசிகர்கள் வீட்டில் உட்கார்ந்து நூறு எழுதினார்கள். உயரத்தையும் தோளின் அகலத்தையும் ஸ்டியரிங்கைப் பிடிக்கும் விதத்தையும் ஒப்பிட்டு ஆளைக் கண்டுபிடிக்கப் பார்த்தார்கள். 2009 ஜூனில் ஸ்டிக் ஸ்டுடியோவில் தலைக்கவசத்தைக் கழற்றியபோது உள்ளே மைக்கேல் ஷூமாக்கர்! அன்று ஓடிய ஃபெராரி எஃப்எக்ஸ்எக்ஸ் அவருடைய சொந்தக் கார். வேறு எவரும் அதை ஓட்ட ஃபெராரி சம்மதிக்கவில்லை. ஒரு வாரம் உலகமே அதைப் பேசியது.

உண்மையில் உள்ளே இருந்தவர் பந்தய ஓட்டுநர் பென் காலின்ஸ். 2010-ல் அவர் தன் வாழ்க்கையைப் புத்தகமாக எழுத, பி.பி.சி. தடை கேட்டு நீதிமன்றம் போனது. செப்டம்பர் 1 அன்று நீதிபதி தடை தர மறுத்தார். பெயர் வெளியானதில் ரசிகர்களுக்கு மகிழ்ச்சி இல்லை. பலருக்கு வருத்தம். தெரிந்துகொள்ளத் துடித்தவர்களே, தெரியாமல் இருந்திருக்கலாம் என்றார்கள். தேடுவதில்தான் சுவை இருந்தது.

உண்மையும் ஜோடனையும்

விவாதங்களில் மிகக் கடுமையானது இது. 2010-ல் ரிலையன்ட் ராபின் என்ற மூன்று சக்கரக் காரைக் கிளார்க்சன் வடக்கு இங்கிலாந்தின் தெருக்களில் ஓட்டினார். ஒவ்வொரு திருப்பத்திலும் கார் கவிழ்ந்தது. நாடே சிரித்தது. அந்தக் காரை ஆண்டுக்கணக்கில் ஓட்டிவந்தவர்கள் மட்டும், இது இவ்வளவு எளிதாகக் கவிழாது என்று அப்போதே சொன்னார்கள். 2016-ல் கிளார்க்சனே ஒரு பத்தியில் ஒப்புக்கொண்டார்: கவிழ வேண்டும் என்பதற்காகவே டிஃபரன்ஷியலை மாற்றச் சொன்னதாக.

டெஸ்லா விவகாரம் நீதிமன்றம் வரை போனது. 2008 டிசம்பரில் காட்டிய டெஸ்லா ரோட்ஸ்டர் பகுதியில், மின்சாரம் தீர்ந்ததுபோல் காரைக் கொட்டகைக்குள் தள்ளிக்கொண்டு போகும் காட்சி இருந்தது. எந்தக் காரின் பேட்டரியும் 20 விழுக்காட்டுக்குக் கீழே போகவில்லை என்றது டெஸ்லா. 2011-ல் வழக்குத் தொடர்ந்தது, தோற்றது, 2013-ல் மேல்முறையீடும் தள்ளுபடியானது. சட்டம் பி.பி.சி. பக்கம் நின்றாலும், மின்சாரக் காரை விரும்பிய ரசிகர்கள் அந்தக் காட்சியை மன்னிக்கவில்லை. மன்னிக்காததில் தவறில்லை. கவிழ்ந்த ராபின் ஒரு கோமாளிக்கூத்து. புதிய தொழில்நுட்பம் ஒன்றைப் பற்றிப் பல கோடிப் பேருக்குத் தரும் தகவல் வேறு. நேயரின் நம்பிக்கையை முதலீடாக வைத்த நிகழ்ச்சி அந்த எல்லைக்கோட்டை மதித்திருக்க வேண்டும்.

288 மைல் வேகம்

2006 செப்டம்பர் 20. யார்க்‌ஷயரில் எல்விங்டன் விமான ஓடுதளத்தில் ‘வாம்பயர்’ என்ற ஜெட் இன்ஜின் காரை ஹாமண்ட் ஓட்டினார். மணிக்கு 288 மைல், அதாவது சுமார் 463 கிலோமீட்டர் வேகத்தில் முன்பக்க வலது டயர் வெடித்தது. கார் உருண்டது. மூளையில் பலத்த காயத்துடன் அவரை ஏர் ஆம்புலன்ஸ் லீட்ஸ் மருத்துவமனைக்குக் கொண்டுபோனது. அது நன்கொடையில் இயங்கும் சேவை.

அன்றிரவு கார் ஆர்வலர்கள் சிலர் அந்த ஏர் ஆம்புலன்ஸுக்குப் பணம் சேர்க்கலாம் என்று பேசிக்கொண்டார்கள். முதலில் வைத்த இலக்கு சில நூறு பவுண்டுதான். முன்பின் தெரியாதவர்கள் ஐந்தும் பத்துமாக அனுப்பினார்கள். சேர்ந்த தொகை 1,80,000 பவுண்டைத் தாண்டியது. ஹெலிகாப்டர் மேலெழ ஆகும் செலவை ஊர் கூடிச் சுமந்தது. டாப் கியர் ரசிகர் என்றால் வேகப் பைத்தியம் பிடித்தவர் என்று எழுதிய பத்திரிகைகள் இருந்தன. அந்த வாரத்தையும் சேர்த்தே அவர்களைப் பற்றிப் பேச வேண்டும்.

2007 ஜனவரி இறுதியில் ஹாமண்ட் ஸ்டுடியோவுக்குத் திரும்பியதைச் சுமார் 80 லட்சம் பேர் பார்த்தார்கள். விபத்தின் படச்சுருளையும் அன்று காட்டினார்கள். பிழைத்து வந்தவரைக் கட்டித் தழுவாமல், மற்ற இருவரும் வழக்கம்போல் சீண்டினார்கள். ரசிகர்களுக்கு அந்தச் சீண்டலின் பொருள் நன்றாகவே புரிந்தது.

சீண்டலின் விலை

நண்பனைச் சீண்டுவது வேறு, ஒரு நாட்டையே சீண்டுவது வேறு. 2011-ல் மெக்சிகோ மக்களைப் பற்றிச் சொன்னவற்றுக்கு அந்நாட்டுத் தூதர் எதிர்ப்புத் தெரிவித்தார், பி.பி.சி. மன்னிப்புக் கேட்டது. அதே ஆண்டு டிசம்பர் 28 அன்று இந்தியப் பயணம் ஒளிபரப்பானது. மும்பையிலிருந்து ஜெய்ப்பூர், டெல்லி, சிம்லா வழியாக இமயமலைக்கு. கிளார்க்சன் தன் ஜாகுவாரின் பின்பக்கத்தில் கழிப்பறைக் கோப்பையைப் பொருத்தியிருந்தார். ரயில் பெட்டிகளில் நீளமாக ஒட்டிய வாசகம், பெட்டிகள் பிரிந்ததும் அசிங்கமான பொருள் தந்தது. இந்தியத் தூதரகம் பி.பி.சி.க்கு எழுதியது. இந்திய ரசிகர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். எல்லோரையும்தானே கேலி செய்கிறார்கள் என்றது ஒரு பக்கம். எங்கள் தெருவின் சாக்கடை உங்களுக்கு நகைச்சுவையா என்றது இன்னொரு பக்கம். விருந்தினனாகப் போன வீட்டின் வறுமையைக் காட்டிச் சிரிப்பது அழகல்ல. அந்தப் பயணம் நிகழ்ச்சியின் தாழ்ந்த இடங்களில் ஒன்று.

2014-ல் பர்மா பயணத்தில் இனத்தை இழிவுபடுத்தும் சொல் ஒன்றுக்காக ஒளிபரப்புக் கண்காணிப்பு அமைப்பான ஆஃப்காம் கண்டித்தது. அந்த ஆண்டே அர்ஜென்டினாவில் கிளார்க்சனின் போர்ஷே காரின் பதிவெண்ணில் 982 என்ற இலக்கமும் அடுத்து மூன்று எழுத்துக்களும் இருந்தன. 1982-ல் நடந்த ஃபாக்லண்ட் போரைக் குத்திக்காட்டுவதாக உள்ளூர் மக்கள் கொதித்தார்கள். தற்செயல் என்றது குழு. கல்வீச்சுக்கு நடுவே அவர்கள் சிலி எல்லைக்குத் தப்பினார்கள். பதிவெண் தற்செயலா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை.

2015 மார்ச்

படப்பிடிப்பு முடிந்து வந்த இரவில், யார்க்‌ஷயர் விடுதி ஒன்றில் சூடான சாப்பாடு இல்லை என்ற தகராறில் கிளார்க்சன் தன் தயாரிப்பாளர் ஒருவரை அடித்தார். மார்ச் 10 அன்று பி.பி.சி. அவரை நிறுத்தி வைத்தது. சில நாட்களிலேயே அவரைத் திரும்ப எடுக்கச் சொல்லும் மனுவில் 10 லட்சம் பேருக்கு மேல் கையெழுத்திட்டார்கள். ஸ்டிக் போல வெள்ளை உடையணிந்த ஒருவரை ஏற்றிக்கொண்ட பீரங்கி வண்டியில் அந்த மனு லண்டனில் பி.பி.சி. தலைமையகத்துக்கு வந்தது. மார்ச் 25 அன்று தலைமை இயக்குநர் டோனி ஹால், ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது என்று அறிவித்தார்.

ரசிகர்கள் அதுவரை இப்படிப் பிளந்ததில்லை. நிகழ்ச்சியே அவர்தான், எப்படி அனுப்பலாம் என்றார்கள் ஒரு சாரார். சக ஊழியரின் உதட்டைக் கிழித்தவரை எந்த அலுவலகம் வைத்துக்கொள்ளும் என்றார்கள் மற்றவர்கள். இரண்டாவது கேள்விக்கு நேரான பதிலை முதல் சாரார் தரவே இல்லை. அடிபட்டவரையே பழி சொல்லி வசைபாடியவர்களும் இருந்தார்கள். ரசிகர் கூட்டம் வெட்கப்பட வேண்டிய நாட்கள் அவை.

ஹாமண்டும் மேயும் கிளார்க்சன் இல்லாமல் தொடர மறுத்தார்கள். கைவசம் இருந்த கடைசிப் படங்களை ஜூன் 28 அன்று, பார்வையாளரே இல்லாத ஸ்டுடியோவில், ஒரு யானை பொம்மையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இருவரும் அறிமுகம் செய்தார்கள். நட்பு நிஜமா என்று கேட்டுவந்தவர்களுக்குக் கிடைத்ததிலேயே உறுதியான சான்று அந்த மறுப்பு.

பிறகு வந்தவர்கள்

2016 மே மாதம் கிறிஸ் எவான்ஸும் ‘ஃப்ரெண்ட்ஸ்’ புகழ் மேட் லெப்ளாங்கும் புதிய தொடரைத் தொடங்கினார்கள். எவான்ஸ் ஒரே தொடரோடு விலகினார். அதே குழுவில் வந்த கிறிஸ் ஹாரிஸ் உண்மையாகவே கார் ஓட்டத் தெரிந்தவர் என்று பழைய ரசிகர்களும் ஏற்றுக்கொண்டார்கள். ஜெர்மனியின் சபீன் ஷ்மிட்ஸும் அதில் இருந்தார். நூர்புர்க்ரிங் பந்தயப் பாதையில் வளர்ந்தவர். கிளார்க்சன் அங்கே ஜாகுவாரில் 9 நிமிடம் 59 விநாடியில் ஓட்டிய சுற்றைச் சரக்கு வேனில் முறியடிக்கிறேன் என்று இறங்கி, 10 நிமிடம் 8 விநாடியில் முடித்தவர். தோற்ற சுற்றுதான், ஆனாலும் நிகழ்ச்சியின் மிகச் சிறந்த ஓட்டம் எது என்று கேட்டால் பலர் அந்த வேனைச் சொல்வார்கள். 2021-ல் அவர் புற்றுநோயில் இறந்தபின், நூர்புர்க்ரிங்கின் ஒரு வளைவுக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது.

2019-லிருந்து ஹாரிஸுடன் நகைச்சுவை நடிகர் பேடி மெக்கின்னஸும் கிரிக்கெட் வீரர் ஆண்ட்ரூ ஃபிளின்டாஃபும் சேர்ந்தார்கள். மூன்று நண்பர்கள் என்ற உணர்வு மெல்லத் திரும்பியது. 2022 டிசம்பரில் டன்ஸ்ஃபோல்டில் திறந்த மூன்று சக்கர மோர்கன் கார் கவிழ்ந்து ஃபிளின்டாஃபின் முகம் கடுமையாகச் சிதைந்தது. 2023 நவம்பரில் பி.பி.சி. நிகழ்ச்சியைக் காலவரையின்றி நிறுத்துவதாக அறிவித்தது. ஹாமண்டின் விபத்துக்குப் பதினாறு ஆண்டுகளுக்குப் பின் அதே கேள்வி எழுந்தது: பார்ப்பவரின் பொழுதுபோக்குக்காக ஓட்டுபவரின் உயிரை எதுவரை பணயம் வைக்கலாம்? இந்த முறை அதைக் கேட்டவர்களில் ரசிகர்களே அதிகம்.

பழைய மூவரும் ஆண்டி வில்மனுடன் அமேசானுக்குப் போய் 2016 நவம்பரில் ‘தி கிராண்ட் டூர்’ தொடங்கியிருந்தார்கள். முதலில் ஊர் ஊராகக் கூடாரம் போட்டார்கள். பிறகு ஒரே கூடாரம். கடைசியில் பயணங்கள் மட்டும். கிளார்க்சனும் மேயும் வயது அறுபதைத் தாண்டினார்கள், உடம்பு கனத்தது. மின்சாரக் கார்களில் தனக்கு ஆர்வமில்லை என்று கிளார்க்சன் வெளிப்படையாகவே சொன்னார்.

2024 செப்டம்பர் 13 அன்று வெளியான கடைசிப் பயணத்துக்கு மூவரும் தாங்கள் எப்போதும் ஆசைப்பட்ட கார்களை எடுத்தார்கள்: லான்சியா மான்டி கார்லோ, ஃபோர்ட் கேப்ரி, டிரையம்ஃப் ஸ்டேக். ஜிம்பாப்வேயில் புறப்பட்டுப் போட்ஸ்வானாவுக்குள் நுழைந்தார்கள். பதினேழு ஆண்டுகளுக்கு முன் கதவுகளைக் கழற்றி எறிந்து கடந்த அதே மக்கடிக்காடி உப்புப் படுகை. நடுவில் பாவோபாப் மரங்கள் நிற்கும் பாறைத் திட்டு, குபு தீவு. அன்று அங்கே வந்தவர்களின் தலைமுடி இப்போது நரைத்திருந்தது. கார்களை நிறுத்தினார்கள். சட்டையில் குத்தியிருந்த மைக்குகளைக் கழற்றினார்கள். அதற்குப் பிறகு அவர்கள் பேசிக்கொண்டது ஒளிபரப்பில் இல்லை.